அட்டவணையில் ஒரு வெற்றுக் கட்டம்: நிலைத்த காற்றும் இந்திய நகரங்களும்

டிசம்பர் 2 தேசிய மாசுக் கட்டுப்பாட்டு நாள். 1984 ஆம் ஆண்டு டிசம்பர் 2-3 இரவில் போபாலில் மாண்டவர்களின் நினைவாகக் கடைப்பிடிக்கப்படுவது. அந்நாளையொட்டி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் செல்கின்றன: தொட்டிக்குள் நீர் புகுந்தது, பாதுகாப்பு அமைப்புகள் இயங்காமல் கிடந்தமை, நிறுவனத்தின் பொறுப்பு, இழப்பீடு, நீதிமன்றம். இவை அனைத்தும் இன்றியமையாதவை. ஆனால் அவ்விரவின் காற்று மட்டும் “அன்று காற்றும் அசையவில்லை” என்ற ஒற்றை வரியில் கடந்து செல்லப்படுகிறது. துரதிர்ஷ்டம் ஒன்று கூடுதலாகச் சேர்ந்துகொண்டதைப் போன்ற தொனி அவ்வரியில் உண்டு.

அந்த ஒற்றை வரியை விரித்துப் பார்ப்பதே இந்நீண்ட பதிவின் நோக்கம். அசைவற்ற குளிர்கால இரவு தற்செயலானது அன்று. அத்தகைய இரவில் நச்சு வாயு எவ்வாறு நடந்துகொள்ளும் என்ற அறிவு 1984 க்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உலகில் இருந்தது. அது யாரிடம் இருந்தது, எதற்குப் பயன்பட்டது, ஆலைமதிலுக்கு வெளியே உறங்கிக்கொண்டிருந்தவர்களிடம் ஏன் வந்து சேரவில்லை என்பவையே இங்கு எழுப்ப விரும்பும் வினாக்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். வளிமண்டலவியலில் “நிலைப்புத்தன்மை” என்பது ஒரு கலைச்சொல். மொழியியல் பயின்றவர்களுக்கு இச்சொல் சற்று உறுத்தும். தமிழில் “நில்” என்ற வேரிலிருந்து பிறந்த நிலை, நிலைபேறு, நிலைத்தல் ஆகியன பெரும்பாலும் போற்றுதலுக்குரியவை; நிலையாமையோ வருந்தத்தக்கது, நிலைகுலைவு அஞ்சத்தக்கது. நிலையான அரசு, நிலையான வருமானம் என்றே பேசிப் பழகியிருக்கிறோம். நகரத்தின் காற்றுக்கு இக்கணக்கு தலைகீழாகப் பொருந்துகிறது. காற்று நிலையற்றுக் கொந்தளிக்கும்போதுதான் நகரம் மூச்சு விடுகிறது. காற்று நிலைத்துவிட்டால் மாசு நகரத்திலேயே தங்கிவிடுகிறது.

இதன் இயற்பியல் எளிமையானது. தரையருகே உள்ள ஒரு காற்றுத் திரளைச் சற்று மேலே தள்ளுவதாகக் கொள்வோம். மேலே அழுத்தம் குறைவு. ஆகவே அத்திரள் விரிந்து குளிர்கிறது. உலர் காற்றாயின் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9.8 டிகிரி செல்சியஸ் என்ற அளவில் குளிரும். அவ்வாறு குளிர்ந்த பின்னும் அது தன் சுற்றுப்புறத்தைவிட வெப்பமாக இருந்தால் மேலும் எழும், காற்று நிலையற்றது. சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்துவிட்டால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும், காற்று நிலைத்தது. வெயில் காயும் பகலில் தரை சூடேறிக் காற்றைக் கீழிருந்து கிளறுகிறது. மேகமற்ற குளிர்கால இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, தன்னை ஒட்டிய காற்றையும் குளிர்விக்கிறது. அப்போது மேலே செல்லச் செல்ல வெப்பம் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. பாடநூல்கள் இதனை வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்கின்றன. இந்த வெப்பமான அடுக்கு, கீழுள்ள காற்றுக்கு ஒரு மூடிபோல் அமைகிறது.

விளைவைக் கணக்கிட உயர்கணிதம் வேண்டியதில்லை. ஒரே அளவு புகை 1,000 மீட்டர் உயரம் வரை கலக்க இடமிருக்கும் நேரத்தையும், 100 மீட்டர் வரை மட்டுமே கலக்கக்கூடிய நேரத்தையும் ஒப்பிட்டால், மற்றவை மாறாதிருக்கும்போது இரண்டாவதில் செறிவு பத்து மடங்காகும். காற்றின் வேகமும் பாதியாகக் குறைந்தால் இருபது மடங்கு. புகைபோக்கியில் எதுவும் மாறவில்லை. மாறியது காற்று மட்டுமே.

இந்தியாவில் நகரப் புகையைச் சட்டத்தால் அடக்க முயன்ற தொடக்கக்கால நகரங்களுள் கல்கத்தா முதன்மையானது. ராணிகஞ்ச் நிலக்கரியும் ஹூக்ளி ஆற்றங்கரைச் சணல் ஆலைகளும் அந்நகரைப் புகையில் மூழ்கடித்தன. 1863 ஆம் ஆண்டிலேயே புகைத் தொல்லைச் சட்டம் ஒன்று அங்கே இயற்றப்பட்டது. 1905 இல் வங்காளப் புகைத் தொல்லைகள் சட்டம் வந்தது, அதனை நடைமுறைப்படுத்த ஓர் ஆணையமும் அமைந்தது. ஆய்வாளர்கள் கையில் இருந்த கருவி ரிங்கெல்மான் அட்டை. வெண்மை தொடங்கிக் கருமை வரை படிப்படியாக அடர்ந்து செல்லும் கட்டங்களைக் கொண்ட அவ்வட்டையைப் புகைபோக்கியின் வாயோடு ஒப்பிட்டுப் புகையின் கருமையை எண்ணாகக் குறித்துக்கொள்வார்கள்.

இம்முறையால் ஆலைப் புகையின் கருமை அளவிடக்கூடியதாயிற்று. வழக்குத் தொடர ஆதாரமும் கிடைத்தது. ஆனால் அவ்வட்டை அளந்தது புகைபோக்கியின் வாயில் உள்ள கருமையை மட்டுமே. அங்கிருந்து புறப்பட்ட புகை எங்கே சென்றது, எவ்வளவு நேரம் தங்கியது, யாருடைய நுரையீரலில் இறங்கியது என்பன அதன் வரம்புக்கு அப்பாற்பட்டவை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாலை வேளைகளில் கல்கத்தாத் தெருக்களில் தாழ்ந்து படிந்த மூட்டத்துக்கோ உயரமான ஆலைப் புகைபோக்கிகள் மட்டும் காரணமல்ல. கதிரவன் மறைந்து காற்று நிலைக்கத் தொடங்கும் அதே நேரத்தில்தான் நகரத்தின் அடுப்புகள் எல்லாம் மூட்டப்படுகின்றன. கரியும் வறட்டியும் எரியும் அடுப்பின் புகைக்கு உயரமும் இல்லை, வேகமும் இல்லை. ஆகவே ஆணையத்தின் கவனம் நாளடைவில் வீட்டு அடுப்புகளின் பக்கமும் திரும்பியது. அடுப்பெரிக்க வேறு எரிபொருள் வாங்க இயலாத எளிய மக்கள் புகையின் காரணகர்த்தாக்களாகவும் பேசப்படலாயினர். குளிர்கால மாலையின் காற்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாக இருந்தும், சட்டத்தில் அதற்கோர் இடம் கிடைக்கவில்லை.

அதே காலத்தில் வேறோர் இடத்தில் இவ்வறிவு மிகுந்த அக்கறையுடன் வளர்க்கப்பட்டது. அது போர்க்களம். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே ஜெர்மானியப் படை, தகுந்த காற்றுக்காகப் பல நாள் காத்திருந்து, குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. நச்சு வாயுவை ஆயுதமாக்கியோர் விரைவில் ஒன்றைக் கற்றுக்கொண்டனர்: வெயில் காயும் பகலில் வாயு மேலெழுந்து சிதறிவிடும், இரவிலும் விடியலுக்கு முன்னும் அது தரையை ஒட்டியே தவழும். காற்றின் நிலைப்பு அவர்களுக்கு ஒரு படைக்கலன். 1916 இல் பிரிட்டன் போர்ட்டன் டவுன் ஆய்வகத்தை நிறுவியது. வாயு காற்றில் எவ்வாறு பரவுகிறது என்பதற்கான கணிதத்தின் கணிசமான பகுதி அங்கேதான் உருவாயிற்று.

இவ்வரலாற்றில் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சனின் இடம் தனித்துவமானது. காற்றின் கொந்தளிப்பை வெப்ப அடுக்கு அடக்குமா, காற்றுவேக வேறுபாடு தூண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் விகிதத்தை 1920 இல் ஆராய்ந்தவர் அவர். இன்றும் அது ரிச்சர்ட்சன் எண் என்றே வழங்குகிறது. அவர் போரை ஏற்காத குவேக்கர் சமயத்தவர். பிரிட்டனின் வானிலை அலுவலகம் விமானப் படைத்துறையின் அமைச்சகத்தின்கீழ் கொண்டுவரப்பட்டபோது பணியை விட்டு விலகினார். தம் ஆய்வில் மிகுந்த ஆர்வம் காட்டுவோர் நச்சு வாயு வல்லுநர்களே என அறிந்தபின் வளிமண்டல ஆய்வை நிறுத்தி, வெளியிடாதிருந்தவற்றை அழித்துவிட்டார் என அவருடைய மனைவி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஓர் அறிவு யாருக்குப் பயன்படும் என்ற கேள்வியை ஓர் அறிவியலாளர் இவ்வளவு கடுமையாகத் தமக்கே எழுப்பிக்கொண்ட சான்றுகள் அரிது.

போர்ட்டனில் பணியாற்றிய ஃபிராங்க் பாஸ்குவில் 1961 இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வறிவு எவரும் கையாளக்கூடிய ஓர் அட்டவணையாயிற்று. காற்றின் வேகம், பகலில் வெயிலின் வலிமை, இரவில் மேகத்தின் அளவு ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். காற்றை ஏ முதல் எஃப் வரை ஆறு வகுப்புகளுள் ஒன்றில் வைத்துவிடலாம். ஏ மிகவும் நிலையற்றது, எஃப் நிலைத்தது. சிறப்புக் கருவி வேண்டாம், உயர்வான் பலூன் வேண்டாம். உலகெங்கும் ஆலைகளின் சுற்றுச்சூழல் தாக்கத்தைக் கணக்கிடுவோர் இவ்வகுப்புகளைப் பல்லாண்டு காலம் பயன்படுத்தினர், இன்றும் பயன்படுத்துகின்றனர்.

அவ்வட்டவணையில் ஒரு பகுதியை மாணவர்கள் உற்று நோக்க வேண்டும். காற்றின் வேகம் வினாடிக்கு 2 மீட்டருக்கும் குறைவாக உள்ள இரவு என்ற வரிசையில் வகுப்பெழுத்து எதுவும் இல்லை. கோடு மட்டுமே இடப்பட்டுள்ளது. இது கவனக்குறைவன்று. அவ்வளவு மெல்லிய காற்றில் புகை ஒரு திசையில் ஒழுங்காகச் செல்லாது. திசைமாறி அலையும், தேங்கும். எனவே அச்சூத்திரம் அங்கே நம்பத்தக்கதல்ல என்பதே அக்கோட்டின் பொருள். இங்கிலாந்தின் காற்றுமிகு சமவெளியில் இது விதிவிலக்காக இருக்கலாம். வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் மேகமற்ற குளிர்கால இரவுகளில் இதுவே வழக்கம். இந்நாட்டு நகரங்களுக்கு மிகவும் தேவையான கட்டம் வெற்றாக இருந்தது.

இந்தியாவில் அசைவற்ற இரவை எவரும் ஆராயவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த எல். ஏ. ராமதாஸ், 1932 இல் ஆத்மநாதனுடன் இணைந்து ஒரு வியப்பான உண்மையைப் பதிவுசெய்தார். காற்றற்ற தெளிந்த இரவில் மிகக் குளிர்ந்த இடம் தரை அன்று. தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே உள்ள காற்று என்பதே அது. அன்றைய கோட்பாட்டுக்கு ஒவ்வாத இக்கண்டுபிடிப்பை மேலைநாட்டினர் எளிதில் ஏற்கவில்லை. இன்று அது ராமதாஸ் அடுக்கு எனப்படுகிறது. புனேயில் வேளாண் வானிலையியலை வளர்த்தெடுத்தவர் அவர். அதாவது, இரவுக் காற்றைப் பற்றிய நுண்ணறிவு இந்தியாவில் பயிரின் நலனுக்காக வளர்ந்தது; நகரத்தின் நலனுக்காக அதனை எவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் முன்னுதாரணமும் கிடைத்திருக்கும். கனடாவின் டிரெயில் உருக்காலையிலிருந்து எழுந்த கந்தகப் புகை கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே எல்லை கடந்து அமெரிக்கப் பயிர்களைக் கருக்கியது. இரவில் மேலடுக்கில் தேங்கிய புகை, காலை வெயிலில் காற்று கலங்கத் தொடங்கியதும் ஒருசேரத் தரையில் இறங்குவதை அங்கு ஆராய்ந்தோர் கண்டனர். 1941 இல் நடுவர் மன்றம் அளித்த இறுதித் தீர்ப்பு, ஆலை மணிக்கு எவ்வளவு வெளியிடலாம் என்பதைக் காற்றின் திசை, கொந்தளிப்பு, பருவம், நாளின் நேரம் ஆகியவற்றோடு பிணைத்தது. காற்று நிலைத்திருந்தால் ஆலை அடங்க வேண்டும். பன்னாட்டுச் சட்ட மாணவர்கள் இத்தீர்ப்பை நாடுகளின் பொறுப்பு என்ற தலைப்பில் படிக்கிறார்கள். வளிமண்டலத்தின் நிலைப்பைச் சட்டத்தின் மொழிக்குள் கொண்டுவந்த ஆவணமாகவும் அது படிக்கப்பட வேண்டும்.

இப்பின்னணியோடு போபாலுக்கு வருவோம். பழைய நகரத்தின் வடக்கே 1969 இல் யூனியன் கார்பைடு ஆலை தொடங்கப்பட்டது. ஆலையின் மதிலுக்கு எதிரிலேயே ஜெயப்பிரகாஷ் நகர் போன்ற குடிசைப் பகுதிகள். சற்றுத் தெற்கே ரயில் நிலையமும் நெருக்கமான குடியிருப்புகளும். டிசம்பர் 3 பிறந்த சிறிது நேரத்தில், 610 எண்ணிட்ட தொட்டியிலிருந்து ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறத் தொடங்கியது. வானம் தெளிந்திருந்தது, குளிர், வடக்கு, வடமேற்குத் திசைகளிலிருந்து மெல்லிய காற்று நகரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. உயரமான புகைபோக்கியிலிருந்து வரும் சாதாரணப் புகையை நிலைத்த காற்று மேலேயே விசிறிபோல் பரப்பி வைத்திருக்கும். தரைக்கு அது உடனே இறங்காது. போபாலில் வாயு வெளியேறியது சுமார் 30 மீட்டர் உயரத்தில்தான். அவ்வாயுவோ காற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு கனமானது; எனவே தாழ்ந்தது. தாழ்ந்தபின், அதனை மேலே இழுத்து நீர்த்துப்போகச் செய்யும் கொந்தளிப்பு நிலைத்த காற்றில் இல்லை. நகரம் உறங்கிய உயரத்திலேயே அது தவழ்ந்தது. ஈப்ரப் போர்க்களத்தில் வாயுப்படையினர் வேண்டிக் காத்திருந்த சூழ்நிலைக்கு நிகரானது, அறுபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் ஓர் இந்திய நகரத்தில் அமைந்திருந்தது.

எச்சரிக்கைச் சங்கு சிறிது நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. காற்று எத்திசையில் செல்கிறது, எத்திசையில் விலக வேண்டும் என்று சொல்வார் இல்லை. பலர் வாயு சென்ற திசையிலேயே ஓடினர். மத்தியப் பிரதேச அரசு உறுதிசெய்த இறப்புகள் 3,787. பிற மதிப்பீடுகள் இதனைவிடப் பல மடங்கு. பாதிக்கப்பட்டோர் ஐந்து லட்சத்துக்கும் மேல். காற்றின் குறுக்கே விலகிச் செல்லுங்கள் என்ற ஒரு தொடர் எத்தனை உயிர்களைக் காத்திருக்கும் என இன்று கணக்கிட இயலாது. ஆனால் அத்தொடரைச் சொல்லத் தேவையான அறிவு எதுவும் அன்று உலகுக்குப் புதியதல்ல.

பின்னர் அவ்விரவின் காற்று ஆராயப்பட்டது. டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த எம். பி. சிங், எஸ். கோஷ் ஆகியோர் 1987 இல் வாயுவின் பரவலைக் கணித மாதிரியாக்கினர். 1995 இல் மைதிலி சரண் உள்ளிட்டோர் எண்ணியல் முறையில் அதை மேலும் விரித்தனர். போபாலின் ஏரிகளும் நகரத்தின் கட்டடங்கள் சேமித்த வெப்பமும் இரவுக் காற்றோட்டத்தை எவ்வாறு மாற்றக்கூடும் என்பனபோன்ற கேள்விகள் இவ்வாய்வுகளில் இடம்பெற்றன. 1991 பிப்ரவரியில் அதே கழகத்தின் வளாகத்தில் சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடு என்ற தடங்காட்டி வாயுவை வெளியிட்டு, மெல்லிய காற்றில் அது எவ்வாறு பரவுகிறது என அளந்தனர். பாஸ்குவில் அட்டவணையின் வெற்றுக் கட்டத்தை நிரப்பும் பணியில் இந்திய ஆய்வாளர்களின் பங்கு குறிப்பிடத்தக்கது. நம் பல்கலைக்கழகங்களில் இது போதுமான அளவு கற்பிக்கப்படுவதில்லை.

சட்டமும் நகர்ந்தது. 1986 இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987 இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான ஆலைகளுக்கான இடத்தை மதிப்பிடும் குழுக்களும் தகவல் வெளியிடும் கடமையும் சேர்க்கப்பட்டன. எனினும் பழைய கல்கத்தாவின் பார்வை முற்றிலும் மறைந்துவிடவில்லை. புகைபோக்கியின் குறைந்தபட்ச உயரத்தைக் கணிக்க நம் ஒழுங்குமுறையில் நெடுங்காலம் பழகிய சூத்திரம் ஒன்றுண்டு: மணிக்கு வெளியாகும் கந்தக டைஆக்சைடின் கிலோகிராம் அளவை 0.3 அடுக்குக்கு உயர்த்தி 14 ஆல் பெருக்க வேண்டும். வெளியேற்றத்தின் அளவு ஒன்றே அதில் மாறி. எந்த நகரம், எந்தப் பருவம், எந்த இரவு என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை.

டெல்லியில்தான் இக்கேள்விகள் மெல்ல ஆட்சிமொழிக்குள் நுழைந்தன. கோடைப் பகலில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் வரை உயரும் கலப்பு அடுக்கு, குளிர்கால இரவில் சில நூறு மீட்டருக்கும் கீழே தாழ்ந்துவிடுகிறது. கலப்பு உயரத்தையும் காற்றின் சராசரி வேகத்தையும் பெருக்கிக் கிடைக்கும் காற்றோட்டக் குறியீடு, வினாடிக்கு 6,000 சதுர மீட்டருக்குக் கீழும் காற்று மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழும் இருந்தால், மாசு கலைவதற்குச் சூழல் சாதகமற்றது என அறிவிப்புகள் கூறுகின்றன. 2017 இல் படிநிலைச் செயல்திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2018 இல் முன்னெச்சரிக்கை அமைப்பு உருவானது. 2022 இல் திருத்தப்பட்ட திட்டம், மாசு ஏறும்வரை காத்திராமல் முன்கணிப்பின் அடிப்படையிலேயே கட்டுப்பாடுகளை விதிக்க வழிவகுத்தது. டிரெயில் தீர்ப்பின் கருத்து எண்பது ஆண்டுகள் கழித்து வேறு வடிவில் இங்கு வந்து சேர்ந்தது எனலாம்.

ஆயினும் அவ்வறிவிப்புகளின் இலக்கணம் கவனத்துக்குரியது. “வானிலை சாதகமற்றதாக இருப்பதால் மாசு உயர்ந்துள்ளது” என்ற வாக்கியத்தில் எழுவாய் மாசு, காரணம் வானிலை. வெளியேற்றியவர் வாக்கியத்திலேயே இல்லை. வானிலை மாசை உற்பத்தி செய்வதில்லை; நாம் வெளியேற்றியதை எவ்வளவு விரைவில் அகற்றும் என்பதையே அது தீர்மானிக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் நிகழும் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றைக் காரணமாகச் சொல்வதும், மழைக்காலத்தில் மழை பெய்ததால் கூரை ஒழுகியது என்பதும் ஒரே வகை விளக்கமே. ஒழுகும் கூரையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

வரலாற்று மாணவர்களுக்கு இதில் ஒரு பணி இருக்கிறது. பேரிடர் வரலாறுகளை எழுதும்போது காற்றைப் பின்னணிக் காட்சியாக விட்டுவிடாமல், அதனைப் பற்றி அன்று எவரெவர் என்னென்ன அறிந்திருந்தனர் என ஆவணங்களில் தேட வேண்டும். முன்னறியத்தக்கது எது, முன்னறிய இயலாதது எது என்ற எல்லைக்கோடுதான் விபத்தையும் பொறுப்பையும் பிரிக்கிறது. அக்கோட்டை எங்கே இடுவது என்பதில் வானிலையியலாளருக்கும் சட்ட அறிஞருக்கும் இணையான பங்கு வரலாற்றாளருக்கும் உண்டு.

உங்கள் ஊரின் ஆலைகள், குப்பைக் கிடங்குகள், அனல்மின் நிலையங்கள் தொடர்பான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகள் கிடைத்தால், வானிலை பற்றிய இயலை முதலில் படியுங்கள். ஆண்டுச் சராசரிக் காற்று அதில் தவறாமல் இருக்கும். குளிர்கால இரவின் அசைவற்ற காற்றுக்குத் தனிக்கணக்கு இருக்கிறதா, அந்நேரத்தில் காற்று எந்தக் குடியிருப்பை நோக்கி நகர்கிறது என எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இத்துறையில் ஆய்வு செய்வோர் தாம் கண்டவற்றைப் பின்னூட்டத்தில் பகிர்ந்தால், ஊர்வாரியாக ஒரு பட்டியலைத் தொகுக்கத் தொடங்கலாம்.